எங்கள் பழைய பெட்டிக்கு ஒரு புது டிஸ்க்

மே மாதத்தில் எங்கள் பள்ளி அலுவலகத்துக்கு அரை நாள்தான் வேலை. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் நான் அலுவலக உதவியாளர். மதியம் வீட்டுக்கு வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கல்வராயன் மலையிலிருந்து என் பழைய கூட்டாளி பேசினாள்.

"அக்கா, பொட்டி எழுந்துக்க மாட்டேங்குது."

பெட்டி என்று அவள் சொன்னது கம்ப்யூட்டரை. எங்கள் இருவருக்கும் அது எப்போதும் பெட்டிதான்.

"இன்னாடி பண்ணுது?"

"ஆன் பண்ணா லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது. அப்புறம் உள்ளேர்ந்து டொக்கு டொக்குனு சத்தம், யாரோ நகத்தால தட்டுற மாதிரி. ரொம்ப நேரம் கழிச்சி ஸ்கிரீன் வந்தா உண்டு. நாலு நாளா இதே ரோதன. இங்க காலேஜ் அப்ளிகேசன் போட ஜனங்க வந்து உக்காந்துகினு இருக்குதுங்க."

கஞ்சித் தண்ணீர் கையில் பட்டது கூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். போன வருடம் எங்கள் பள்ளி அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இதே மாதிரி தட்டித் தட்டி ஒரு நாள் நின்றே போனது. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் சாகப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"இனிமே அத ஆன் பண்ணாத. அப்படியே வுட்டுடு. நான் பாக்குறேன்" என்று சொல்லி வைத்தேன். சொல்லிவிட்டேனே ஒழிய, சோறு சாப்பிட மனம் வரவில்லை. அந்தப் பெட்டி எனக்கு வெறும் கம்ப்யூட்டர் இல்லை.

பதினெட்டு வருடங்களுக்கும் மேல் இருக்கும். தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு தட்டச்சுக் கடையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் சமவெளிக்காரி. எங்கள் அப்பா குத்தகைக்கு நெல் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம். அவள் மலையிலிருந்து இறங்கி வந்து, விடுதியில் தங்கிப் படித்து, தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணியவள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பத்திரம், மனு, வாரிசுச் சான்று என்று அடித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் டீ குடிக்கும்போது அவள்தான் சொன்னாள்: "நாமளே ஒரு கடை போட்டா இன்னாக்கா?" மறு மாதமே பஸ் ஸ்டாண்டுக்குப் பின் சந்தில் ஒரு அறை பிடித்துவிட்டோம். அந்த வயதில் எதையும் யோசிக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை.

கம்ப்யூட்டர் வாங்க சென்னைக்கு நாங்கள் இருவரே போனோம். ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் நாங்கள் பார்க்கப் பார்க்கவே பாகங்களைக் கோத்துக் கொடுத்தார்கள். மானிட்டர் மட்டும் பழையது. பெரிய வயிறு வைத்த கண்ணாடி மானிட்டர். அந்த நேரத்தில் தட்டையான மானிட்டர்கள் வந்துவிட்டன, எங்களுக்குத்தான் கட்டுப்படியாகவில்லை. உளுந்தூர்பேட்டையில் இறங்கி பஸ் மாற வேண்டும். இறங்கிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஓட்டல் வாசலில் பெட்டியை நடுவில் வைத்து, நாங்கள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்றோம். அவள் தன் துப்பட்டாவை எடுத்து அட்டைப்பெட்டி மேல் போர்த்தினாள். லாரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. கள்ளக்குறிச்சி பஸ் வந்ததும் கண்டக்டர் எங்களைத் தடுத்தார்.

"இது இன்னாம்மா, டிவியா?"

"கம்ப்யூட்டருங்க."

"அதுக்கும் டிக்கெட் எடுக்கணும்."

"எடுக்குறோம். அப்ப அதுக்கு சீட்டும் குடுங்க" என்றாள் இவள். கண்டக்டர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி விட்டார். ஆக, எங்கள் பெட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தது. நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தோம். தியாகதுருகம் தாண்டுகிற வரைக்கும் நனைந்த உடம்போடு சிரித்துக்கொண்டே வந்தது ஞாபகம் இருக்கிறது.

ஆறு வருடம் அந்தக் கடை நடந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, எங்கள் கோயில் தேர்த் திருவிழா நோட்டீஸ், கோழித் தீவன விளம்பரம், வராத கடனுக்கு வக்கீல் நோட்டீஸ், எல்லாமே அந்தப் பெட்டியில்தான். மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடங்களில் இரண்டு வரி அடித்தால் ஒரு முறை சேமிப்போம். இன்றைக்கும் பள்ளியில் யாராவது விளக்கைப் போட்டு அணைத்தால் என் இடது கை தானாகச் சேமிக்கும் விசைக்குப் போகிறது.

பிறகு அவளுக்கு மலையிலேயே மாப்பிள்ளை அமைந்தது. மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பம். நல்ல மனிதர். ஆனால் காட்டை விட்டு அவரால் இறங்கி வர முடியாது. எனக்கும் அப்போது பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. கடையை மூடுவது என்று முடிவானபோது யாருக்கு எது என்ற பேச்சே எழவில்லை. "மேல ஒரு டைப்பிங் கடை கூட கெடையாதுக்கா. ஒரு சர்டிபிகேட் அடிக்க ஜனங்க ஒரு நாள் கூலிய வுட்டுட்டு கீழ எறங்குது" என்றாள். பெட்டியையும் பிரிண்டரையும் அவளே எடுத்துக்கொண்டாள். கிழங்கு இறக்கிவிட்டுத் திரும்பும் டெம்போவில் வைக்கோலுக்கு நடுவில் வைத்து மலையேறியது பெட்டி. பூட்டிய கடைச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டு நான் தனியாக நடந்து போனேன். அந்தச் சந்துப் பக்கம் போவதை வெகுநாள் தவிர்த்தேன்.

இவ்வளவு பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமே என்று யாரும் கேட்பார்கள். அவளும் யோசிக்காமல் இல்லை. ஆனால் எங்கள் தமிழ் எழுத்துருக்களும், பத்திரிகை வடிவமைக்கிற மென்பொருளும் அந்தப் பழைய சிஸ்டத்தில்தான் ஓடும். அதைத் திறக்க, பெட்டியின் முதுகில் அகலமான துளையில் செருகி வைக்கிற ஒரு சாவிக் கட்டை உண்டு. இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையே கிடையாது. விற்ற கம்பெனியும் எப்போதோ மூடிவிட்டது. ஆகவே பெட்டி இருக்க வேண்டும். உள்ளே சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க் மட்டும் மாற வேண்டும். அதுவும், அதில் இருப்பது அத்தனையும் அப்படியே புது டிஸ்க்குக்கு நகல் ஆக வேண்டும்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். அவளிடம் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. அவள் ஊர் வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக்குள் சிக்னல் வராது. கொல்லையில் ஒரு பலாமரம் நிற்கிறது. அதன் கீழே மட்டும் வரும். கடைக்கு இன்டர்நெட் வேண்டுமென்றால் போனைத் துணிப்பையில் போட்டு அந்த மரத்துக் கிளையில் தொங்கவிடுவாள். அங்கிருந்து அலை கடைக்குப் பாயும். பேச வேண்டுமென்றால் அவளே மரத்தடிக்குப் போக வேண்டும்.

"பக்கப் பலகைய கழட்டு. கரண்ட் ஒயர புடுங்கிட்டுக் கழட்டு. உள்ள ஹார்ட் டிஸ்க்குலேர்ந்து ஒரு தட்டையான ஒயர் பெரிய பலகைக்குப் போவும். அது போயி சேர்ற எடத்துல எத்தினி ஓட்ட இருக்கு, எப்படி இருக்கு, பாத்துட்டு வந்து சொல்லு."

போனைக் கிளையில் மாட்டிவிட்டு அவள் போனது தெரிந்தது. கொஞ்ச நேரம் எனக்குக் குருவிச் சத்தமும் ஒரு கோழி கேறுவதும்தான் கேட்டது. மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"நாலு ஓட்ட இருக்குதுக்கா. சின்னச் சின்னதா. ஒவ்வொண்ணும் 'ட'னா மாதிரி மடங்கிக்கினு இருக்குது. ரெண்டு சும்மா இருக்குது. ஒண்ணுல டிஸ்க்கு, இன்னொண்ணுல சிடி போடுற டப்பா."

'ட'னா என்று அவள் சொன்னதும் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. அது சாட்டா என்கிற செருகு முனை. அதற்கும் முந்தைய காலத்துப் பட்டை ஒயராக இருந்திருந்தால் இன்றைய டிஸ்க் எதுவும் நேராகப் பொருந்தாது.

"தூசிய பாத்தா நெல்லு வெதைக்கலாம்" என்றாள் அவள். "தும்மித் தும்மி மூக்கே போச்சு."

அன்று மதியம் காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் முப்பது வயதுக்காரர், கலகலப்பானவர். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போட எஸ்.எஸ்.டி. வேண்டும் என்றதும் கண்ணாடிக்குள்ளிருந்து சூயிங்கம் துண்டு மாதிரி மெலிதான ஒரு பட்டையை எடுத்து வைத்தார்.

"இப்ப எல்லாம் இதான்க்கா வாங்கினு போறாங்க. செம ஸ்பீடு."

கையில் எடுத்துப் பார்த்தேன். இதற்குள் சுழல்கிறது எதுவும் இல்லை. தட்டிச் சாவதற்கும் எதுவும் இல்லை. அழகாகத்தான் இருந்தது.

"இத எதுல செருகுவாங்க?"

"போர்டுலயே படுத்த மாதிரி ஒரு எடம் இருக்கும்க்கா. எந்த வருசத்துப் போர்டு?"

சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப அந்த எடம் இருக்காதே. ஆனா அதுக்கு ஒரு அட்டை இருக்கு. அட்டைல இத மாட்டி, கிராபிக்ஸ் கார்டு செருகுற எடத்துல குத்திட்டா டிஸ்க் தெரியும்."

"தெரியும். அதுலேர்ந்து கம்ப்யூட்டர் ஆன் ஆவுமா?"

அவர் தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் படித்தார். "பொய் சொல்லக் கூடாதுக்கா. பழைய போர்டு இந்த மாதிரி டிஸ்க்குலேர்ந்து எழுந்துக்காதுனுதான் நெறைய பேரு எழுதியிருக்கான். உள்ள ஃபைல் வெச்சிக்கலாம், ஆனா சிஸ்டம் ஏறாது." பட்டையை அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பிறகு சீட்டுக்கட்டு அளவில் ஒரு தட்டையான டப்பாவை எடுத்தார். லேப்டாப்பில் போடுகிற அளவு. அதன் முனையில் 'ட'னா வடிவம் இருந்தது.

"இது ஸ்பீடு கம்மிதான், ஆனா உங்க போர்டுக்கு இதான் சரி. உங்க போர்டு இதோட முழு வேகத்தையும் கூட எடுக்காது. இருந்தாலும் பழைய டிஸ்க்குக்கு இது ராக்கெட்டு."

அடுத்தது கொள்ளளவு. சின்னதாக வாங்கினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் பத்திரிகைகள் எவ்வளவு இடம் பிடித்துவிடப் போகின்றன? ஆனால் பழையது பெரிது, புதியது சின்னது என்றால் அப்படியே நகல் எடுப்பது சிக்கல். பழைய டிஸ்க்கின் பகுதிகளை முதலில் சுருக்க வேண்டும். சாகக் கிடக்கிறதைப் போட்டு அவ்வளவு பாடு படுத்தக் கூடாது. ஆகவே பழையதைவிட ஒரு படி பெரிதாகவே எடுத்தேன். ரொம்பப் பெரிதாக எடுத்தாலும் பழைய சிஸ்டத்துக்கு முழுதும் கண்ணுக்குத் தெரியாது என்று கடைக்காரர் சொன்னார்.

இனி மின்சாரம் கொடுக்கிற ஒயர். நகல் எடுக்கும்போது இரண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். உள்ளே உபரி முனை இருக்கிறதா என்று கேட்க அவளுக்குப் போன் போட்டேன். அது பலாமரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் கடை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு படம் எடுத்து அனுப்பினாள், கலங்கலாக. பெரிய நாலு முள் முனை ஒன்று மட்டும் சும்மா தொங்குவது தெரிந்தது. அது இந்த டிஸ்க்குக்குப் பொருந்தாது. அதைச் சாட்டா முனையாக மாற்றும் ஒரு குட்டி ஒயர் வாங்கினேன். டேட்டா ஒயர் ஒன்று கேட்டேன். "எதுக்கும் ரெண்டா எடுத்துக்கங்க, மலைக்குப் போறீங்க" என்றார் கடைக்காரர். பெரிய டிஸ்க் இருந்த இடத்தில் இந்தச் சின்னது ஆடாமல் உட்கார ஒரு தகரத் தட்டும் நாலு திருகாணியும் கொடுத்தார். நகல் எடுக்கிற மென்பொருளைத் தன் பென் டிரைவில் போட்டுத் தந்து, திரும்பி வரும்போது கொடுத்தால் போதும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை தெரிந்ததும் ஜன்னல் காற்று மாறியது. வளைவுகளில் டிரைவர் ஹார்னை அழுத்திக்கொண்டே ஏறினார். டிஸ்க் இருந்த பையை மடியிலேயே வைத்திருந்தேன். வெள்ளிமலையில் அவள் வண்டியோடு நின்றாள். முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தாள், காதோரம் நரை. என்னைப் பார்த்ததும் முதலில் பையைத்தான் வாங்கினாள்.

"இவ்ளோதானா இது? இதுக்கா இவ்ளோ பேச்சு?"

"பொட்டிய விட நீதாண்டி பழசாயிட்ட" என்றேன்.

"நீங்க மட்டும் பொறந்த மேனிக்கா கீறீங்க?"

வண்டியில் அவள் பின்னால் உட்கார்ந்து போகும்போது, ஒரு கையால் அவள் தோளைப் பிடித்திருந்தேன். கடைசியாக நான் அங்கே போனது அவள் மகள் பிறந்தபோது. அந்தப் பெண் இப்போது திருவண்ணாமலையில் விடுதியில் இருந்து ஆறாவது படிக்கிறாள்; லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள்.

அவள் கடை என்பது வீட்டின் முன்னறை. பெட்டியைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. முகப்பில் நான் ஒட்டிய மாதா படமும், அதற்குப் பக்கத்தில் அவள் ஒட்டிய முருகன் படமும் வெளிறிப்போய் அப்படியே இருந்தன. அவள் ஏற்கெனவே தூசியெல்லாம் தட்டி வைத்திருந்தாள். புது டிஸ்க்கைச் செருகி, பென் டிரைவிலிருந்து பெட்டியை எழுப்பினோம். பழையதும் புதியதும் திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரிந்தன. எது எதற்கு என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் வெறும் டிஸ்க்கைப் பழையதன் மேல் எழுதி எல்லாம் போய்விடும். இருவரும் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தோம், பத்திரம் சரிபார்த்த காலத்தில் ஒருத்தி வாசிக்க ஒருத்தி பார்ப்போமே, அது மாதிரி. பிறகு தொடங்கினோம்.

கொஞ்ச தூரம் ஓடியது. டொக்கு டொக்கு. நின்றது. மறுபடி ஓடியது. படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போ என்று கட்டளை கொடுத்தோம். பாதியை நெருங்கும்போது வெளியே இருட்டிக்கொண்டு வந்து, கோடை மழை கொட்டத் தொடங்கியது. கரண்ட் போய்விட்டது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சாக்கா?"

"பழசுல இருக்கிறது எங்கயும் போவாது. திரும்ப மொதல்லேர்ந்து ஓட்டணும். பழசு அதுவரைக்கும் தாங்கணும். அவ்ளோதான்" என்றேன். என் குரலே எனக்கு நம்பிக்கையாக இல்லை.

அவள் வீட்டுக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு காட்டிலிருந்து வந்தார். "மழ வுட்டாதான் கரண்டு. வாங்க, சாப்புடுங்க மொதல்ல" என்றார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டோம். மழை விடவில்லை. விண்ணப்பம் போட வந்து மாட்டிக்கொண்ட ஒரு அம்மாவும் மகளும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் சோறு போட்டாள். பெட்டியைச் சுற்றி நாங்கள் காவல் இருக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு பழைய கதை பேசினோம். சந்துக்கு எதிரே இருந்த பரோட்டாக் கடை, எங்களை எப்போதும் "டைப்பிஸ்ட் பாப்பா" என்று கூப்பிட்ட தபால்காரர், ஒரே முகூர்த்தத்தில் நடந்த இரண்டு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் தன் பெயரையே முதலில் போட வேண்டுமென்று சண்டை பிடித்த தாய்மாமன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும்தான். மழைக்கு நடுவே அவள் சொன்னாள்: "இங்க எல்லாம் நல்லாதான் இருக்குதுக்கா. ஆனா பக்கத்து நாற்காலி காலியா கெடக்குது பாருங்க, அதான்." பள்ளியில் என் மேசைக்குப் பக்கத்திலும் ஓர் அலமாரிதான் இருக்கிறது.

சாயங்காலம் கரண்ட் வந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம். இந்த முறை வழியில் எத்தனையோ தடவை தட்டினாலும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பழைய டிஸ்க் கடைசி வரை வந்துவிட்டது. நடுராத்திரி வாக்கில் நகல் முடிந்தது. அதற்குமேல் எதையும் தொட வேண்டாம் என்று பெட்டியை அணைத்துவிட்டுப் படுத்தோம்.

காலையில் பழைய டிஸ்க்கைக் கழற்றி, அதன் ஒயரையே புதியதில் செருகினேன். தகரத் தட்டில் வைத்துத் திருகினேன். அவள் பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரை. டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரு வரி ஆங்கிலத்தில் வந்து நின்றது.

நேற்று தெரிந்த டிஸ்க் இன்றைக்கு எப்படி இல்லாமல் போகும்? நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று இருவரும் யோசித்தோம். நேற்று புதியதை நான் கொண்டுவந்த ஒயரில் செருகியிருந்தோம். இன்று பழைய ஒயர். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது முனையின் பிளாஸ்டிக் உதடு உடைந்திருந்தது. புது ஒயரை மாட்டியதும் டிஸ்க் தெரிந்தது.

அப்போது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்ப கோளாறு ஒயர்லதானாக்கா? டிஸ்க்கு நல்லாதான் இருந்துச்சா?"

எனக்கும் அதே பயம்தான். கைவசம் இருந்த இன்னொரு புது ஒயரில் பழைய டிஸ்க்கை மாட்டிப் பார்த்தோம். டொக்கு டொக்கு. இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டோம். செத்துக்கொண்டிருக்கிற ஒன்றைக் கேட்டு நிம்மதியடைந்தது அன்றைக்குத்தான்.

பழையதைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினாள். பழைய பழக்கத்தில் அவள் எழுந்து வாசல் பக்கம் போகத் திரும்பினாள். அந்தக் காலத்தில் பெட்டியை எழுப்பிவிட்டுத்தான் நாங்கள் கடையைப் பெருக்குவோம், படத்துக்குப் பூ வைப்போம், எதிர்க்கடையில் டீ வாங்கி வருவோம். அதற்குள் அது எழுந்திருக்கும். இப்போது அவள் வாசற்படியை எட்டுவதற்குள் எழுந்துவிட்டது. எங்கள் பழைய திரை, ஆகாய நீல நிறம், ஓரத்தில் வரிசையாக எங்கள் கோப்பு அடைவுகள்.

"அய்ய, அதுக்குள்ளயா?" என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அடைவுகளைத் திறந்து பார்த்தோம். தாண்டிப் போன இடங்களில் என்னென்ன போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமே. கல்யாணப் பத்திரிகைகள் வருடம் வருடமாக இருந்தன. கண்ணீர் அஞ்சலி அடைவில் ஒன்று என்னை நிறுத்தியது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டிய ஒருவர், தன் காளை இறந்துபோய் அதற்கு அஞ்சலிச் சுவரொட்டி போட வந்தார். யாராவது கேலி செய்வார்களோ என்று கூனிக் குறுகி, மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாரும் போகிற வரைக்கும் வெளியிலேயே நின்றவர். காளைக்குத் தனியாகப் படம் இல்லை. யாரோ கல்யாணத்தில் எடுத்த படத்தின் மூலையில் பாதி முகமும் ஒரு கொம்பும் இருந்தன. இவள்தான் இரண்டு நாள் உட்கார்ந்து, அந்தப் பாதியைத் திருப்பிப் போட்டு மறுபாதியாக ஒட்டி முழு முகம் ஆக்கினாள். படத்தைப் பார்த்ததும் அவர் திரையைக் கையால் தடவினார். "வலது கொம்பு கொஞ்சம் எறங்கி இருக்கும்" என்றார். இவள் வலது கொம்பை இறக்கினாள். அந்தக் கோப்பு முழுசாகத் திறந்தது. கொம்பு இறங்கியே இருந்தது.

திறக்காதவையும் இருந்தன. ஒரு வருடத்துத் திருவிழா நோட்டீஸ்கள், பள்ளிக் கேள்வித்தாள்கள் சில. அவற்றோடு, நான் அவளுக்காக வடிவமைத்த அவளுடைய சொந்தக் கல்யாணப் பத்திரிகையும். மூன்று முறை முயன்றேன். வெறும் கட்டம் கட்டமாக வந்தது. மயில் இல்லாமல், வாழைமரம் இல்லாமல், ஓரமெல்லாம் மலைப்பூவாக நான் கையால் வரைந்த ஓரம் அது.

"கல்யாணம் இருக்குதில்ல? பத்திரிக போனா போவுது" என்றாள் அவள். உள்ளே இருந்து அவள் வீட்டுக்காரர், "நான் இருக்கிறேன்" என்றார் அமைதியாக. அதற்குமேல் வருத்தப்பட முடியவில்லை.

முந்தின நாள் மழையில் மாட்டிக்கொண்ட அம்மாவும் மகளும் காலையிலேயே வந்துவிட்டார்கள். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம். போனைப் பலாமரத்தில் தொங்கவிட்டு வந்து அவள் விவரங்களைக் கேட்டுக் கேட்டு நிரப்பினாள். பெட்டி எங்கும் நிற்கவில்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த ரசீது அச்சாகி வந்ததும் அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு ஆட்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். நான் அன்றே இறங்குவதாக இருந்தேன். பள்ளிக்குப் போன் செய்து திங்கட்கிழமைக்கும் விடுப்பு சொல்லிவிட்டேன்.

ஞாயிறு மதியம் ஒரு இளம் ஜோடி கல்யாணப் பத்திரிகைக்கு வந்தது. பெரியவர்கள் யாரும் கூட வரவில்லை. இருவரே கலந்து பேசி எழுதிய தாளைக் கொண்டுவந்திருந்தார்கள். இவள் தாளை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் எழுந்து, விசைப்பலகைக்கு முன்னால் இருந்த நாற்காலியை எனக்கு நகர்த்திவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இவங்க யாருங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கட ஓனரு. கீழேர்ந்து வந்துகீறாங்க" என்றாள் இவள்.

பள்ளியில் நான் போனில் அடிக்கிற மாதிரி, ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழாக வருகிற ஒலிமுறையில்தான் அடிக்கிறேன். பழைய தட்டச்சு முறையை விட்டு வருடக் கணக்காகிறது. முதல் வரியில் இரண்டு பிழை வந்தது. இரண்டாவது வரியில் அவள், "கொம்பு மொதல்லக்கா, அப்புறம் எழுத்து" என்றாள். மூன்றாவது வரிக்கு விரல்களுக்கு வழி தெரிந்துவிட்டது. அவள் தாளைப் பிடித்து வாசித்தாள், நான் அடித்தேன். ஓரத்துக்கு என்ன போடலாம் என்று கேட்டபோது, அந்தப் பையன் மயில் என்றான், பெண் வேண்டாம் என்றாள். இருவரும் முடிவு செய்கிற வரைக்கும் நாங்கள் காத்திருந்தோம்.